பரவை நங்கையாரைக் காதல் கதைக்குள் அடைக்காதீர்கள்

ராஜேந்திர சோழன் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் அந்தத் திருவாரூர் குத்துவிளக்கை எடுத்துவந்து விடுகிறார். மன்னனும் அவருடைய அணுக்கியார் (மன்னனுக்கு நெருக்கமான பெண்) பரவை நங்கையாரும் சேர்ந்து நின்ற இடம் தெரிவதற்காக வைத்த விளக்கு. உடனே அந்தப் பதிவுக்குக் கீழே வரிசையாக இதயக்குறிகள், "சோழ நாட்டுத் தாஜ்மகால்" என்று உருகல். எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

அந்த விளக்கைச் சொல்லும் திருவாரூர்த் தியாகராஜர் கோயில் கல்வெட்டை முழுசாகப் படித்துப் பாருங்கள். முக்கால்வாசி கணக்குதான். வீதிவிடங்கருக்கு (தியாகராஜருக்கு) பரவையார் கற்றளி, அதாவது கற்கோயில், எடுப்பித்தது, அதற்குப் பொன் வேய்ந்தது, பொன் 20,643 கழஞ்சு, செம்பு 42,000 பலம் (கழஞ்சும் பலமும் அந்தக்கால எடை அளவுகள்), அப்புறம் நகைகள், விளக்குகள். மன்னன் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேரில் வந்த செய்தி இதற்கு நடுவில்தான் வருகிறது. இவ்வளவு பெரிய திருப்பணியைத் தன் பெயரில் நடத்திய பெண்ணை "ராஜாவின் காதலி" என்று இரண்டே சொல்லில் முடிப்பது என்ன நியாயம்? (நம்மூரில் பாதிப் பேர் இவரைச் சுந்தரமூர்த்தி நாயனாரின் மனைவி பரவை நாச்சியாரோடு வேறு குழப்பிக்கொள்கிறார்கள். இருவருக்கும் நடுவில் சில நூற்றாண்டுகள்.)

அதற்காக அரண்மனை வாழ்க்கையையே பொன்னுலகமாக்கவும் வேண்டாம். அதே சோழர்களின் தஞ்சாவூரில் வேளங்கள், அதாவது அரண்மனைப் பணியாளர் குடியிருப்புகள், இருந்தன. குளியலுக்குத் திருமஞ்சனத்தார் வேளம், உண்கலத்துக்குத் திருப்பரிகலத்தார் வேளம் என்று வேலைவாரியாகப் பிரித்துக் குடியிருப்புகள். போரில் பிடித்துவந்த பெண்களையும் வேளத்தில் சேர்த்தார்கள். தண்ணீர் சுமந்தவளும் பாத்திரம் துலக்கியவளும் மன்னனுக்குப் பக்கத்தில்தான் இருந்தார்கள். அவர்களுக்கு யார் விளக்கு வைத்தார்கள்? அதே அரண்மனையில் "அதிகாரிச்சி" என்ற பட்டத்தோடு பொறுப்பு வகித்த பெண்களும் உண்டு. சினிமாவுக்கு ஆகாத வேலை என்பதால் அவர்களைப் பற்றி ஒருவரும் பதிவு போடுவதில்லை.

பரவையார் பட்டத்தரசி இல்லை. ஆனாலும் விழுப்புரம் பக்கம் பனையவரத்துக்கு அவர் பெயரால் பரவைபுரம் என்றே பெயர் இருந்தது. ராஜேந்திரன் போன பிறகும், மகன் ராஜாதிராஜன் காலத்தில், மன்னனோடு அவருக்கும் படிமம் (சிலை) வைத்து வழிபாட்டுக்கு ஏற்பாடு நடந்திருக்கிறது. வெறும் ஆசைநாயகிக்கு மகன் இதைச் செய்வானா?

திருவாரூருக்கு ஆழித்தேர் பார்க்க அவ்வளவு கூட்டம் வருகிறது. அந்தக் கல்வெட்டுக்குப் பக்கத்தில் ஒரு பலகை வைத்து, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றைய தமிழில் போடலாம். விளக்கை மட்டும் எழுதாமல், 20,643 கழஞ்சையும் சேர்த்து எழுதுங்கள்.