கன்ட்ரோல் ஹெச் அழுத்திவிட்டால் ஆய்வு திருந்திவிடுமா?

எங்கள் பாலின ஆய்விதழுக்கு வந்த ஒரு கட்டுரையை மதிப்பிட்ட ரெவ்யூவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "மருத்துவமனைப் பதிவேட்டில் இருந்த எம்/எஃப் (ஆண்/பெண்) கட்டத்தை எடுத்துக்கொண்டு ஒரு பக்கம் செக்ஸ் (உடல் சார்ந்த பால்) என்கிறீர்கள், மறு பக்கம் ஜெண்டர் (சமூகமும் அடையாளமும் சார்ந்த பாலினம்) என்கிறீர்கள். அந்தக் கட்டத்தை நிரப்பியது யார்? ஆளைக் கேட்டா, முகத்தைப் பார்த்தா?" ஆய்வு முறைப் பகுதியில் மூன்று வரி சேர்த்தால் தீர்ந்தது. கட்டுரையாளரிடமிருந்து திருத்திய பிரதி வந்தாச்சு. கூடவே பதில் கடிதம்: "தங்கள் ஆழமான கருத்துக்கு நன்றி. கட்டுரை முழுவதும் சரிசெய்துவிட்டோம்."

முழுவதும்! அதில் மட்டும் பொய்யே கிடையாது.

கன்ட்ரோல் ஹெச், அதாவது ஒரு சொல்லைத் தேடி இன்னொன்றாக மாற்றும் வசதி. செக்ஸே போ, ஜெண்டரே வா. ரீப்ளேஸ் ஆல். 'முழுச் சொல் மட்டும்' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதை டிக் அடித்தால் விரல் தேய்ந்துவிடும் போலிருக்கிறது. விளைவு, ஹெட்டரோசெக்சுவல் என்றிருந்த இடமெல்லாம், பக்கத்துக்குப் பக்கம் 'ஹெட்டரோஜெண்டருவல்'. சசெக்ஸ் பல்கலைக்கழகம் 'சஸ்ஜெண்டர்' ஆகிவிட்டது. எக்ஸ், ஒய் எனும் செக்ஸ் குரோமோசோம்கள் எல்லாம் 'ஜெண்டர் குரோமோசோம்'. பிரெஞ்சுப் பெண்ணியச் சிந்தனையாளர் சிமோன் த பொவ்வார் 1949-இல் எழுதிய 'தி செகண்ட் செக்ஸ்' புத்தகம் மேற்கோள் பட்டியலில் 'தி செகண்ட் ஜெண்டர்' என்று நிற்கிறது. அமெரிக்க மானுடவியலாளர் கேல் ரூபின் 1975-இல் 'செக்ஸ்/ஜெண்டர் சிஸ்டம்' என்று பிரித்து வைத்ததில்தான் இந்தத் துறையின் பாதி விவாதமே தொடங்குகிறது. இங்கே அது 'ஜெண்டர்/ஜெண்டர் சிஸ்டம்'. அடுத்த வரியில் கட்டுரையாளரின் எச்சரிக்கை வேறு: "இவ்விரண்டையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளக் கூடாது." ஆகட்டும் ஐயா, குழப்பிக்கொள்ளவில்லை.

படத்துக்குள் இருக்கும் எழுத்தை ரீப்ளேஸ் தொடாது. அதனால் அட்டவணையில் ஜெண்டர், அதே எண்களை வைத்துப் போட்ட வரைபடத்தில் செக்ஸ்.

இதுவரை சிரித்துத் தொலைக்கலாம். நேர்காணல் பகுதியில் ஒருவர் தன் வாயால் 'செக்ஸ் வொர்க்' என்று சொன்னது மேற்கோள் குறிக்குள்ளேயே 'ஜெண்டர் வொர்க்' ஆகியிருக்கிறது. மேற்கோள் குறிக்குள் இருப்பது உங்கள் நடை இல்லை, தரவு. அதில் கை வைத்தால் அதற்குப் பெயர் திருத்தம் இல்லை, வேறு.

எங்கெங்கே மாற்றினார் என்று பார்க்கவாவது வழி உண்டா? சுத்தமான பிரதி ஒன்று, மாற்றங்களைக் குறித்துக் காட்டும் ட்ராக் சேஞ்சஸ் தெரியும் பிரதி ஒன்று என்று இரண்டு கேட்கிறோம். இரண்டு வந்தன. இரண்டுமே 'அக்செப்ட் ஆல்' கொடுத்து, மாற்றக் குறிகளை அழித்தவை. சரி, பழைய பிரதியோடு கம்பேர் போட்டுப் பார்ப்போம் என்றால் மேற்கோள் மென்பொருள் பட்டியல் மொத்தத்தையும் புதிதாகக் கொட்டியிருக்கிறது. திரை முழுக்கச் சிவப்பு.

கேட்ட கேள்விக்குப் பதில்? ஆய்வு முறைப் பகுதியில் ஒரு காற்புள்ளிகூட அசையவில்லை.

என்ன செய்திருக்க வேண்டும் என்பது ரகசியமா? ஆய்வில் பால், பாலினத் தகவலை எப்படி எழுதுவது என்று சொல்லும் சேஜர் (SAGER) வழிகாட்டு நெறிகள் 2016-இலேயே வெளிவந்துவிட்டன, இலவசமாகவே படிக்கலாம். தகவலைப் பதிந்தது யார், எத்தனை விருப்பங்கள் கொடுத்தீர்கள் என்று எழுதுங்கள். பதிவேட்டை மட்டும் நம்பினால் 'பதிவேட்டில் உள்ளபடி' என்று சொல்லி, அதன் குறையை வரம்புகள் பகுதியில் ஒப்புக்கொள்ளுங்கள். நீங்களே கருத்துக்கணிப்பு நடத்தினால் பிறப்பில் குறித்த பால் ஒரு கேள்வி, இப்போது தன்னை எப்படி அடையாளப்படுத்துகிறார் என்பது இன்னொரு கேள்வி. யாரையாவது கணக்கிலிருந்து நீக்கினால் எத்தனை பேர், ஏன் என்று சொல்லுங்கள்.

இந்தக் கட்டுரையின் தலைப்பு 'இருமைக்கு அப்பால்'. புள்ளியியல் கணக்கில் ஆண் 0, பெண் 1. எம்மும் எஃப்பும் இல்லாத கட்டங்களெல்லாம் 'மிஸ்ஸிங்', அதாவது தகவலே இல்லையாம். அட்டவணை 1-இல் இருந்தவர்கள் அட்டவணை 3-க்கு வருவதற்குள் குறைந்துவிடுகிறார்கள், அடிக்குறிப்புகூட இல்லாமல். அப்பால் என்றது இதைத்தானா?

இனி இதை அதே ரெவ்யூவருக்கு அனுப்பினால் அடுத்த முறை அழைப்புக்குப் பதில் வராது. புதியவரைப் பிடித்தால் 'கோட்பாட்டுச் சட்டகம் போதவில்லை' என்று ஆரம்பித்து மூன்று கட்டுரைகளை மேற்கோள் காட்டச் சொல்வார். மூன்றும் அவருடையதாகவே இருக்கும். ரெவ்யூவுக்கு அனுப்பாமல் அப்படியே திருப்பி அனுப்பினால் "முடிவு தாமதமாவதால் என் பதவி உயர்வு நிற்கிறது" என்று கட்டுரையாளரின் மெயில், துணைவேந்தருக்கு நகலோடு.

எல்லாம் போகட்டும். பாலின ஆய்விதழுக்கு அனுப்புகிற வரைபடத்தில் பெண்ணுக்கு ரோஸ், ஆணுக்கு வெளிர் நீலம் போடும் பழக்கத்தை யார்தான் தொடங்கிவைத்தது? கறுப்பு வெள்ளையில் அச்செடுத்தால் இரண்டு பட்டையும் ஒரே சாம்பல். கட்டுரை செய்யாததை பிரிண்டர் செய்துவிடுகிறது. அந்த வரைபடத்தையும் அச்சுக்கேற்ற 300 டிபிஐ தெளிவில் கேட்டால், ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புகிறார்கள், ஓரத்தில் மவுஸ் அம்போடு.