நுனிப்புல் மேயுறவன் பேசுறேன்

அந்த ரெண்டு நிமிஷ வீடியோவ நீங்களும் பாத்திருப்பீங்க. நேத்துலேர்ந்து எனக்கு மட்டும் பதினோரு பேர் அனுப்பிட்டாங்க, அதுல மூணு பேர் சிரிக்கிற எமோஜி வேற போட்டு. வீடியோவுல மேடையில பேசுற ஒரு ஐயா மைக்க தட்டிட்டு "இந்த கிளைமேட் படிக்கிற பசங்க எல்லாம் நுனிப்புல் மேயுறவங்க, எதுலயும் ஆழம் கிடையாது"ன்னதும் அரங்கமே கைத்தட்டுது. சரிங்கய்யா. மாடு பேசுது, கொஞ்சம் கேளுங்க.

2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. கொட்டுச்சே, அது எந்த டிபார்ட்மென்ட்டு? மேல காத்து சுத்துனது பிசிக்ஸ், கடல் சூடு ஓஷனோகிராபி, குளம் உடைஞ்சது சிவில், ஸ்ரீவைகுண்டத்துல ரயிலு நின்னு ஜனங்க தண்ணிக்கு நடுவுல மாட்டிக்கிட்டது எதுல வரும்? ஒரு ஆளாவது இது எல்லாத்தையும் ஒண்ணா வச்சுப் பாக்கணும்ல. அதத்தான் நாங்க படிக்கிறோம், அவ்ளோதான் விஷயம்.

நானும் எம்.எஸ்சி. பிசிக்ஸ்தான், மெடல் வாங்கலன்னாலும் ஆழமாத்தான் படிச்சேன். பிஎச்.டி.க்கு வடகிழக்குப் பருவமழை. 25 கி.மீ.க்கு ஒரு கட்டம்னு பிரிச்சு கம்ப்யூட்டர்ல மாடல் ஓட்டி, சீசன் மழை எவ்ளோன்னு கலர் கலரா மேப் போட்டு, அதத் தூக்கிட்டு திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு பெரியவர்ட்ட காட்டப் போனேன். அவர் லேப்டாப்ப ஒரு பார்வ பாத்துட்டு, குனிஞ்சு ஒரு புடி மண்ண அள்ளி வெரலால நசுக்கிட்டே கேட்டார், "தம்பி, புழுதியில வெதச்சிருக்கேன். மொத மழைக்கு மொளச்சிரும். அதுக்கப்பறம் எத்தன நாளு காயும்? அதச் சொல்லு." சொல்லத் தெரியல. சீசன் மழை மொத்தமா நல்லா இருந்தாலும் நடுவுல காஞ்சா மொள கருகிடும்னு எனக்கு எந்தப் புக்கும் சொல்லல. தினசரி டேட்டா என் ஹார்ட் டிஸ்க்லயே இருந்துச்சு, கேள்விதான் இல்ல. என்கூட வந்த மானுடவியல் படிக்கிற தோழி மூணு நாள் டீக்கடையில உக்காந்து, அந்த ஊர்ல மழை இல்லாம எத்தன நாள் வரைக்கும் மொள தாங்கும்னு ஆளாளுக்குக் கேட்டு எழுதிட்டு வந்தா, அத வச்சு ஒரு சாப்டரையே திருப்பி எழுதினேன். இதுக்குப் பேரு நுனிப்புல்லுன்னா நான் நல்லாவே மேஞ்சிருக்கேன்.

கார்பன் டை ஆக்சைடு கூடுனா பூமி எவ்ளோ சூடாகும்னு 1896ல கணக்குப் போட்ட அரீனியஸ் கெமிஸ்ட்ரிக்காரர். பனியுகம் ஏன் வந்து போகுதுன்னு சுற்றுப்பாதைய வச்சுக் கணக்குப் போட்ட மிலன்கோவிச் கட்டட இன்ஜினியர். நம்ம பருவமழைய கணிக்கணும்னு 1904ல இந்திய வானிலைத் துறைக்கு வந்த கில்பர்ட் வாக்கர் கணக்கு வாத்தியார், மழை கணிக்க வந்த மனுஷன் பசிபிக் பக்கம் காத்தழுத்தம் ஏறி எறங்குறதப் புடிச்சிட்டார், இன்னைக்கு பசிபிக் கடல் சூடாகி மழைய மாத்துற எல் நினோ பத்திப் பேசுறவங்க எல்லாம் அவர் பேரச் சொல்றாங்க. இவங்கல்லாம் எந்தப் புல்ல மேஞ்சாங்களாம்?

உடனே ஒருத்தர் வருவார், "அவங்க மொதல்ல ஒரு துறையில ஆழமாப் போனவங்க"ன்னு. சரி, ஒத்துக்கிறேன். எங்க பக்கமும் குப்ப இருக்கு, புள்ளியியல் அடிப்படை தெரியாமலே நாலு பெரிய வார்த்தையப் போட்டு பேப்பர் எழுதுறவங்கள நானும் பாக்குறேன். அதுக்கு புள்ளியியலும் வளிமண்டல இயற்பியலும் களப்பணியும் ஒழுங்கா சொல்லிக் குடுக்கணும், சொல்லிக் குடுக்காம மேடையில கேலி பண்ணா ஆழம் வந்துருமா?

இன்னொருத்தர் "வேல கெடைக்காத கடுப்பு"ம்பார். ஆமாங்க, கடுப்புதான். பாம்பே ஐஐடியில, பெங்களூர் ஐஐஎஸ்சியில, அண்ணா யுனிவர்சிட்டியில எல்லாம் காலநிலைக்குன்னு மையம் இருக்கு, படிச்சு முடிச்சு வெளிய வந்தவனுக்கு நாற்காலி எங்க இருக்கு? ஒரு காலேஜ்ல பிசிக்ஸ் போஸ்ட்டுக்குப் போனா "விவசாயிங்கட்ட பேட்டி எடுத்தது எதுக்கு"ங்குறாங்க, இன்னொரு எடத்துல ஜியாகிரபிக்குப் போனா "உங்க பி.ஜி. பிசிக்ஸாச்சே"ங்குறாங்க. விதியில "தொடர்புடைய பாடம்"னுதான் இருக்கு, எது தொடர்புன்னு அந்த டேபிளுக்கு அந்தப் பக்கம் பிஸ்கட் சாப்பிடுறவர்தான் முடிவு பண்றார். நாலு தடவ போயிட்டேன். கடைசித் தடவ அம்மா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தாங்க, திரும்பி வந்தப்ப ஒண்ணுமே கேக்கல. அதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

வானிலை விஞ்ஞானி அன்னா மணி ஞாபகம் வருது. மெட்ராஸ் பிரசிடென்சியில பிசிக்ஸ் படிச்சு, சி.வி. ராமன் லேப்ல வைரத்த ஆராய்ச்சி பண்ணி, அஞ்சு பேப்பர் போட்டு, தீசிஸும் குடுத்தாங்க. எம்.எஸ்சி. இல்லன்னு மெட்ராஸ் யுனிவர்சிட்டி டாக்டர் பட்டம் தரல. அதுக்கப்பறம் அந்தம்மாதான் இந்தியாவுக்கே வானிலைக் கருவி செஞ்சு குடுத்தாங்க. அவங்களும் நானும் ஒண்ணுன்னு சொல்ல வரல, சொல்லவும் மாட்டேன், ஆனா அந்த "தகுதி இல்ல"ங்குற கொரல் மட்டும் அப்டியே இருக்கு.

கமென்ட்ல வந்து "பாசிட்டிவா இருங்க ப்ரோ"ன்னு போட வேணாம். இந்த வெள்ளிக்கெழமக்குள்ள அஞ்சாவது அப்ளிகேஷன் போடணும். பாடம்ங்குற எடத்துல என் பாடமே இல்ல, "மற்றவை"ன்னு அமுக்குனா "குறிப்பிடவும்"னு ஒரு கட்டம் வருது, அதுல இருபது எழுத்துக்கு மேல ஏற மாட்டேங்குது.