காலியாக்கிய பிறகு எங்களைக் கேட்காதீர்கள்

நேற்று இரவு எட்டு மணிக்குக் கதவைத் தட்டியது கீழ்மாடி ஆன்ட்டி. கையில் எங்கள் உள்ளூராட்சியான கவுன்சில் அனுப்பிய அந்தப் பளபளப்பான புத்தகம். அட்டையில் மரங்கள், சைக்கிள் ஓடும் பிள்ளைகள், செங்கல் நிறத்தில் புதுக் கட்டடங்கள். "பிள்ளை, ஒருக்கா வாசிச்சுச் சொல்லு. எங்களை வீட்டை விட்டு எழுப்பப் போறாங்களோ?" என்று கேட்டார். தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டு நாற்பது பக்கத்தையும் வாசித்துச் சொன்னேன். எல்லாம் கேட்டு முடித்து அவர் ஒரு கேள்விதான் கேட்டார். "திரும்பி வரலாமெண்டால், இதே வாடகைக்கோ?" அதற்கு அந்தப் புத்தகத்தில் பதில் இல்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். எங்கள் எஸ்டேட்டின், அதாவது கவுன்சில் அடுக்குமாடிக் குடியிருப்பின், மூன்று டவர்களையும் இடிப்பதா, திருத்தி வைத்திருப்பதா என்பதுதான் இப்போது கிழக்கு லண்டனில் எங்கள் பக்கத்துக் கதை. கோயிலிலும் இதுதான், தமிழ்க் கடையிலும் இதுதான், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி வாசலிலும் இதுதான். நம் ஆட்களில் பலர், "பழசுதானே, இடிக்கட்டும், புது வீடு கிடைக்கும்" என்கிறார்கள். நான் இடிக்க வேண்டாம் என்கிற பக்கம்.

இந்தக் கட்டடத்தின் குறைகள் தெரியாமல் சொல்லவில்லை. பதினாலாம் மாடியில் பதினேழு வருடமாக இருக்கிறேன். மகனின் அறைச் சுவரில் கறுப்புப் பூஞ்சணம் படர்ந்தபோது, ஜன்னலைத் திறந்து வையுங்கள், உள்ளே உடுப்புக் காயப் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு தை மாதம் இரண்டு லிஃப்டும் பழுதாகிப் பன்னிரண்டு நாள் நின்றன. முழங்கால் வருத்தக்காரியான என் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. அன்றைக்கு இரண்டு மாடிக்கு ஒரு கதிரை வெளியே வந்தது. வங்காளக் குடும்பம் ஒன்று, கானாக்காரர் ஒருவர், போலந்துப் பெண் ஒருத்தி என்று ஆளுக்கொரு கதிரையைப் படிக்கட்டில் வைத்து, அம்மாவை இருத்தி இருத்தி இறக்கினார்கள். கட்டடத்தை வெறுத்ததும் அன்றைக்குத்தான், இந்த ஆட்களை விட்டுப் போகக்கூடாது என்று நினைத்ததும் அன்றைக்குத்தான்.

லிஃப்ட் பழுதானதற்கும் சுவர் பூஞ்சணம் பிடித்ததற்கும் கொங்கிரீட் என்ன செய்யும்? லிஃப்ட் பழசு, மாற்றவில்லை. சுவருக்குக் குளிர் தடுக்கும் காப்பு இல்லை, போடவில்லை. இடிக்கப்போகிறோம் என்ற பேச்சு வந்ததிலிருந்து கைப்பிடிக் கம்பிக்குப் பெயின்ட் கூட அடித்ததில்லை. எப்படியும் இடிக்கிற கட்டடத்துக்கு ஏன் செலவு என்று திருத்தாமல் விடுகிறார்கள். பிறகு அந்தப் பழுதுகளையே படம் எடுத்துப் புத்தகத்தில் போட்டு, இது வாழத் தகுதியில்லாத இடம் என்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

எல்லா டவரும் நிற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 1956க்குப் பிறகு இந்த நாட்டில் கட்டடம் உயர உயர கவுன்சிலுக்கு அரசு மானியமும் கூடியது. அதனால் அவசரத்தில் எழும்பியவை நிறைய. கானிங் டவுனில் ரோனன் பாயின்ட் என்று 22 மாடி டவர். 1968 மே 16 விடியற்காலை, பதினெட்டாம் மாடியில் ஒரு பெண் தேநீர் வைக்க அடுப்பைப் பற்றவைத்தார். கேஸ் வெடித்துச் சுவர்ப் பலகை தள்ளப்பட, ஒரு மூலை முழுக்கச் சீட்டுக்கட்டுப் போலச் சரிந்தது. நான்கு பேர் இறந்தார்கள். கட்டடம் திறந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. 1986இல் அதைப் பிரித்தபோது, பலகைகள் சேரும் இடங்களில் சாந்துக்குப் பதிலாகப் பத்திரிகைத் தாளும் குப்பையும் கிடந்தன. அப்படி ஒரு குறை எங்கள் டவரில் இருக்கிறது என்று பொறியியலாளர் எழுதித் தந்தால், இடிக்கச் சொல்லி நானே வாக்களிப்பேன். அந்த அறிக்கையைக் காட்டுங்கள் என்று மூன்று கூட்டத்தில் கேட்டாயிற்று. இன்னும் காட்டவில்லை.

"கிரென்ஃபெல்லை மறந்துவிட்டாயா?" என்று சிலர் கேட்கிறார்கள். மறக்கவில்லை. 2017 ஜூன் 14 அதிகாலை மேற்கு லண்டனில் கிரென்ஃபெல் டவர் தீப்பிடித்து 72 உயிர் போனது. ஆனால் அந்தத் தீ அவ்வளவு வேகமாக மேலே ஏறியது 1974இல் கட்டி முடித்த கொங்கிரீட்டால் அல்ல. 2016இல் முடிந்த திருத்த வேலையில் வெளியே போர்த்திய, நடுவில் பிளாஸ்டிக் வைத்த அலுமினியத் தகடுகளால். ஆகவே திருத்துங்கள் என்று கேட்கிற நாங்கள், எந்தப் பொருளால், யாருடைய மேற்பார்வையில் என்றும் சேர்த்தே கேட்க வேண்டும். தங்கள் வீடு ஆபத்து என்று அங்கே இருந்தவர்கள் முன்கூட்டியே எழுதியிருந்தார்கள். யாரும் செவி கொடுக்கவில்லை.

இடித்த இடங்களில் என்ன நடந்தது என்று பாருங்கள். தெற்கு லண்டனில் எலிஃபன்ட் அண்ட் காஸிலில் ஹேகேட் எஸ்டேட் இருந்தது. ஏறக்குறைய 1,200 வீடுகள். இடித்துவிட்டு 2,000க்கு மேல் புது வீடுகளுக்கு அனுமதி கொடுத்தார்கள். அதில் பழைய கவுன்சில் வாடகை அளவில் விடப்போவதாகச் சொன்ன வீடுகள் நூறைக்கூடத் தொடவில்லை. ஸ்ட்ராட்ஃபோர்டில் கார்பென்டர்ஸ் எஸ்டேட்டின் டவர்களிலிருந்து ஆட்களை எழுப்பத் தொடங்கியது 2004இல். 2012 ஒலிம்பிக்ஸ் நேரம் அங்கே ஒரு டவரின் மேல்மாடியிலிருந்து டிவி நிலையங்கள் ஒளிபரப்பின. 2014இல் வீடில்லாத இளம் தாய்மார் அங்கே பூட்டிக்கிடந்த வீடுகளுக்குள் போய் இருந்து போராடினார்கள். அங்கே இருந்தவர்களிடம் வாக்கெடுப்பு நடந்தது 2021இல். இடையில் பதினேழு வருடம். ஒரு பிள்ளை பிறந்து வளர்ந்து ஏ லெவல் படிக்கிற காலம்.

கட்டடத்தை வைத்திருந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. பொப்லரில் பால்ஃப்ரன் டவர் 1967இல் கட்டியது. பாதுகாக்கப்பட்ட கட்டடம், அனுமதி இல்லாமல் இடிக்கவோ மாற்றவோ முடியாது. திருத்தப் போகிறோம் என்று குடியிருந்தவர்களை வெளியே அனுப்பினார்கள். திருத்தி முடித்து வீடுகளைத் தனியாருக்கு விட்டார்கள். டவர் நிற்கிறது, ஆட்கள் இல்லை.

அப்போது ஆட்களை எழுப்பாமல் திருத்தவே முடியாதா? பிரான்ஸில் போர்தோ நகரத்தில் செய்திருக்கிறார்கள். அறுபதுகளில் கட்டிய மூன்று அடுக்குமாடிகள், 530 வீடுகள். கட்டடத்தின் முன்னால் புதிதாக ஒரு வரிசை தூண் நிறுத்தி, ஒவ்வொரு வீட்டோடும் கண்ணாடி போட்ட அகலமான விறாந்தை ஒன்றை ஒட்டினார்கள். லிஃப்ட் புதுசு, குளியலறை புதுசு. வேலை நடக்கும்போது குடும்பங்கள் அங்கேயே இருந்தன. அதைச் செய்த கட்டடக் கலைஞர்களில் இருவருக்கு 2021இல் கட்டடக்கலையின் பெரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது. எங்கள் கூட்டத்தில் இந்தப் படங்களைக் காட்டினபோது ஒரு வயதான ஐயா எழும்பி, "விறாந்தையில கறிவேப்பிலை வைக்கலாம் போல" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இனி முக்கியமான விஷயம். புத்தகத்தில் "அஃபோர்டபிள்" என்ற சொல் வருகிற இடத்திலெல்லாம் நின்று வாசியுங்கள். கட்டுப்படியாகிற வீடு என்றுதான் நாங்கள் விளங்கிக்கொள்கிறோம். ஆனால் 2011இலிருந்து "அஃபோர்டபிள் ரென்ட்" என்றால் சந்தை வாடகையில் 80 சதவீதம் வரை வாங்கலாம். இப்போது நாங்கள் கொடுக்கிற வாடகை "சோஷியல் ரென்ட்", அது அதைவிட எவ்வளவோ குறைவு. சொல் ஒன்று மாறினால் ஆன்ட்டியின் ஓய்வூதியம் முழுக்க வாடகைக்கே போய்விடும்.

வாக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரிய திட்டங்களில் வீடுகளை இடித்துக் கட்ட லண்டன் மேயரின் நிதி வேண்டுமென்றால், 2018இலிருந்து முதலில் குடியிருப்பவர்களிடம் வாக்கெடுப்பு வைக்க வேண்டும். வாடகை ஒப்பந்தத்தில் யாருடைய பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் வாடகைக்கு இருப்பவர் என்ற முறையில் வாக்கு. இருவர் பெயர் இருந்தால் இருவருக்கும் வாக்கு. நம் வீடுகளில் பெரும்பாலும் கணவரின் பெயர் மட்டும்தான். அக்காமாரே, உங்கள் ஒப்பந்தத்தைத் தேடி எடுத்துப் பாருங்கள். பெயர் இல்லையென்றால் சேர்க்கச் சொல்லி இப்போதே கேளுங்கள். வாக்கெடுப்புக்கான ஆஃபரை, அதாவது என்ன தருவோம் என்று எழுதும் வாக்குறுதியை, வெளியிட்ட பிறகு சேர்த்தால் பயனில்லை. கவுன்சில் வீட்டுக்குக் காத்திருப்போர் பதிவேட்டில் ஒரு வருடத்துக்கு மேல் இருந்துகொண்டு எங்கள் எஸ்டேட்டில் தற்காலிக வீட்டில் இருப்பவர்களுக்கும் வாக்கு உண்டு. அவர்களிடம் யாரும் இதைச் சொல்வதில்லை.

அப்புறம், "வேறு இடத்தில் நல்ல வீடு இருக்கிறது, முன்னமே போனால் உதவித்தொகை" என்று யாராவது வந்து சொன்னால் உடனே கையெழுத்து வைக்காதீர்கள். எங்கள் டவரில் இப்போதே ஒன்பது கதவுகளுக்கு இரும்புத் தகடு அடித்தாயிற்று. பாதி வீடு காலியான பிறகு வைக்கிற வாக்கெடுப்பில் மிச்சப் பாதிதான் பேசும்.

வியாழக்கிழமை மாலை ஏழு மணிக்குக் கீழே சமூக மண்டபத்தில் கூட்டம். கவுன்சில் ஆட்களும் வருகிறார்கள். ஆறு மணிக்கே நான் அங்கே இருப்பேன். கடிதம், புத்தகம், ஒப்பந்தம் எது இருந்தாலும் கொண்டு வாருங்கள், தமிழில் வாசித்துச் சொல்கிறேன். ஆன்ட்டியும் வருகிறார். அவருடைய கேள்வியை அவரே கேட்கப்போகிறார், பக்கத்தில் நின்று மொழிபெயர்ப்பது மட்டும்தான் என் வேலை.