நடைபாதை பஸ்ஸிடம் போகட்டும்

பஸ் ஏற ஓடிய ஒரு வயதான அம்மாள் சாலையில் விழும் அந்தக் காணொளியை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். மறுபடி இங்கே போட எனக்கு மனம் வரவில்லை. பஸ் சாலையின் இரண்டாவது தடத்தில் நிற்கிறது. அந்த அம்மாள் நடைபாதையிலிருந்து இறங்கி, புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார். பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவே ஒரு பைக் புகுந்து வருகிறது. அவர் விழுகிறார்.

இரண்டே நாளில் ஓட்டுநரைப் பணியிடை நீக்கம் செய்துவிட்டார்கள். விவகாரம் முடிந்தது என்று எல்லோரும் அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள். கருத்துகளைப் படித்தேன். "நடுரோட்டில் நிறுத்துகிறவனின் உரிமத்தைப் பிடுங்க வேண்டும்" என்கிறார் ஒருவர். "இந்த வயதில் ஓடிவந்து ஏற வேண்டுமா, அடுத்த பஸ்ஸில் வந்தால் குறைந்தா போய்விடும்" என்கிறார் இன்னொருவர். சாலையோரத்தில் என்ன நின்றது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. காணொளியின் தொடக்கத்திலேயே நிறுத்திப் பாருங்கள். பஸ்ஸுக்காக ஒதுக்கிய இடத்தில் இரண்டு கார்களும் ஒரு சரக்கு வேனும் நிற்கின்றன. அந்த பஸ் வேறு எங்கே போய் நின்றிருக்கும்?

ஓட்டுநர் மீதும் தவறில்லை, அந்த அம்மாள் மீதும் தவறில்லை. அந்த நிறுத்தத்தை அப்படி அமைத்தவர்கள் மீதுதான் தவறு. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

பஸ் உள்ளே ஒதுங்கி நிற்பதற்காகச் சாலையோரத்தைக் குடைந்து ஓர் இடம் விடுகிறார்களே, பஸ் பே என்று, கேட்பதற்கு நல்ல ஏற்பாடாகத்தான் தெரியும். பஸ் ஒதுங்கிக்கொள்ளும், பின்னால் வருகிற வண்டிகள் நிற்காமல் போகும். யாருக்காகச் செய்த ஏற்பாடு என்பது இதிலேயே தெரிகிறது அல்லவா? பஸ்ஸில் போகிறவர்களுக்காக அல்ல, பஸ்ஸைத் தாண்டிப் போகிறவர்களுக்காக. பஸ்ஸின் நீளம் 12 மீட்டர். ஆனால் அது வளைந்து உள்ளே நுழையவும் வளைந்து வெளியேறவும் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேலான நீளம் கூடுதலாக வேண்டும். அவ்வளவு இடம் நெரிசலான தெருவில் எப்போதும் காலியாக இருக்குமா? ஒரே ஒரு கார் நின்றால் போதும், பஸ் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் கோணலாக நிற்கும். முன்வாசல் நடைபாதையிலிருந்து ஒரு மீட்டர், பின்வாசல் இரண்டு மீட்டர். எப்படியோ உள்ளே நுழைந்துவிட்டாலும் வெளியே வர யாராவது வழிவிட வேண்டும். அறுபது பேர் உட்கார்ந்தும் நின்றும் இருக்கிற வண்டி, தனியாக ஒருவர் ஓட்டிவரும் காரின் தயவுக்காகக் காத்து நிற்கும்.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. சாலையோரம் வண்டிகள் நிற்கும் பட்டையின் மேல், நிறுத்தம் இருக்கிற இடத்தில் மட்டும், நடைபாதையை வெளியே நீட்டிக் கட்ட வேண்டும். பஸ் தன் தடத்தை விட்டு விலகவே வேண்டியதில்லை. நேராக வரும், நிற்கும், நேராகப் போகும். வாசல் நடைபாதையை ஒட்டி இருக்கும். நடுவே பைக் புக இடமே இருக்காது. பஸ் நடைபாதையைத் தேடி வளைந்து வளைந்து வருவதற்குப் பதிலாக நடைபாதை பஸ்ஸிடம் போகட்டும் என்பதுதான் என் கோரிக்கை. ஜெர்மனியில் காசல் என்ற நகரத்தின் பெயராலேயே ஒருவகை விளிம்புக்கல் இருக்கிறது. அதன் அடிப்பகுதி வளைந்திருக்கும். டயர் அதில் உரசினாலும் கிழியாமல் தானே நேராகும். அதனால் ஓட்டுநர் அச்சமில்லாமல் ஒட்டி நிறுத்துவார். ஒரு கல்லை இவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

"அப்படியானால் பின்னால் வருகிறவன் நிற்க வேண்டுமே?" ஆம், நிற்க வேண்டும். பஸ்ஸில் ஏறுகிறவர்கள் ஏறி முடிக்கும் வரை நிற்கட்டும். அந்தச் சில நொடிகளுக்காகத்தான் இத்தனை காலமாக நாங்கள் சாலையில் இறங்கி ஓடிக்கொண்டிருக்கிறோமா?

"கடைக்காரர்களுக்கு வண்டி நிறுத்த இடம் போய்விடும்" என்பவர்களுக்கு: போகாது, மிச்சமாகும். உள்ளே குடைந்த இடத்துக்கு முன்னும் பின்னும் வளைவுக்கு நீளம் வேண்டும், வெளியே நீட்டிய நடைபாதைக்கு அது வேண்டாம். டேப் வைத்து அளந்து பாருங்கள்.

"ஆம்புலன்ஸ் வந்தால்?" இது நியாயமான கேள்வி. ஒரு திசைக்கு ஒரே தடமும் நடுவில் தடுப்புச் சுவரும் உள்ள சாலையில் இப்படிக் கட்டக் கூடாது என்றே நானும் சொல்வேன். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் எத்தனை பேர் ஓரத்தில் இரட்டை வரிசையில் நிற்கும் கார்களைப் பார்த்து இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்? பஸ்ஸைப் பற்றிப் பேசும்போது மட்டும் எல்லோருக்கும் ஆம்புலன்ஸ் நினைவுக்கு வருகிறது. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, மன்னியுங்கள்.

"டில்லியில் பஸ்ஸுக்குத் தனித் தடம் போட்டு என்ன ஆனது?" என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். 2008-இல் தொடங்கினார்கள், 2016-இல் இடித்தார்கள். நடுவில் அதை எடுக்கச் சொல்லிப் போட்ட வழக்கை 2012-இல் உயர் நீதிமன்றமே தள்ளுபடி செய்தது. அந்தப் பகுதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். நியூயார்க்கில் 14-ஆவது தெருவின் முக்கியப் பகுதியை 2019 அக்டோபரில் பஸ்ஸுக்கு விட்டபோதும் வழக்குப் போட்டார்கள், பக்கத்துத் தெருக்கள் எல்லாம் திணறிப்போகும் என்றார்கள். அஞ்சியபடி நெரிசல் பெருகவில்லை. பஸ் வேகமாக ஓடியது.

"நீங்கள் என்ன போக்குவரத்துப் பொறியாளரா?" இல்லை. இருபத்திரண்டு வருடமாக பஸ்ஸில் போகிறவள். நிறுத்தத்தை வரைகிறவர் அங்கே ஒரு நாள் மாலை நின்று பார்த்திருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது.

என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து ஐந்து மாதம் கழித்து அவரை பஸ்ஸில் அழைத்துப் போனேன். அவரேதான் கேட்டார், ஆட்டோ வேண்டாம் என்றார். பஸ் வந்தது, ஓரத்தில் வண்டிகள் நின்றதால் தள்ளி நின்றது. நடைபாதையில் நின்று ஏறியிருந்தால் படி அவருக்கு எட்டியிருக்கும். சாலையில் இறங்கிய பிறகு அதே படி இடுப்புக்கு வந்துவிட்டது போல இருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்குகிறார், எட்டவில்லை. மறுபடி தூக்குகிறார். நடத்துநர் கையைக் கொடுத்தார், நான் பின்னாலிருந்து தாங்கினேன். உள்ளேயிருந்து யாரோ "சீக்கிரம், சீக்கிரம்" என்றார்கள். அம்மா காலைக் கீழே வைத்துவிட்டு, "நீங்கள் போங்கப்பா" என்று நடத்துநரிடம் சொன்னார். பஸ் போய்விட்டது. அவர் கம்பியைப் பிடித்திருந்த கை அப்படியே சிறிது நேரம் உயர்ந்தே இருந்தது.

அன்று அந்த நடைபாதை ஒன்றரை மீட்டர் வெளியே நீண்டிருந்தால் அவர் ஏறியிருப்பார். ஒன்றரை மீட்டர் சிமென்ட், அவ்வளவுதான்.

நிறுத்தங்கள் நெருக்கமாக இருப்பதால்தான் பஸ் ஊர்கிறது, பாதியை எடுத்துவிட வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் வேகம் குறைத்து, நின்று, கதவு திறந்து, மறுபடி வேகம் எடுப்பதில் நேரம் போகிறது என்பது உண்மைதான். 150 மீட்டருக்கு ஒன்று இருந்தால் அதை 300 மீட்டர் ஆக்கலாம், எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதையும் தாண்டி 400 மீட்டர் ஆக்கினால் எனக்கு ஐந்து நிமிட நடை, அம்மாவுக்குப் பதினைந்து நிமிடம், நடுவில் உட்கார ஒரு திட்டும் வேண்டும். நிறுத்தத்தை எடுப்பதற்கு முன் கதவுகளை எல்லாம் திறந்துவிடுங்கள். ஒருவர் ஏற மூன்று நொடி என்றால் நாற்பது பேர் ஒரே வாசலில் ஏற இரண்டு நிமிடம். இரண்டு வாசலில் ஒரு நிமிடம். சான் பிரான்சிஸ்கோவில் 2012 ஜூலையிலிருந்து எல்லா வாசலிலும் ஏறலாம் என்று ஆக்கினார்கள். பிரேசிலின் குரிச்சிபா நகரத்தில் 1991-இலேயே கண்ணாடிக் குழாய் போன்ற நிறுத்தங்களைக் கட்டி, டிக்கெட்டை உள்ளே நுழையும்போதே வாங்கிக்கொண்டு, பஸ்ஸின் தரை மட்டத்திலேயே நடந்து ஏற வைத்தார்கள். படியே கிடையாது. 1991!

அரைமணி நேரம் எதுவும் வராமல் மூன்று பஸ் ஒன்றாக வருவதற்கும் ஓட்டுநர்களைத்தான் திட்டுகிறார்கள். முதல் பஸ் இரண்டு நிமிடம் தாமதமானால் நிறுத்தத்தில் கூட்டம் சேரும். கூட்டம் ஏற நேரமாகும், இன்னும் தாமதமாகும். பின்னால் பஸ் ஓட்டி வருகிறவனுக்கு ஏற்றிக்கொள்ள ஆள் இல்லை, அவன் வேகமாக வந்து முட்டிக்கொண்டு நிற்பான். நியூவெல், பாட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1964-இலேயே இதைக் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள். அந்த முதல் இரண்டு நிமிடம் எங்கே போகிறது? இந்தக் குடைந்த இடத்தில் நுழைந்து வெளியேறுவதில் போகிறது, சிக்னலுக்கு முன்னால் நிறுத்தத்தை வைத்து, ஆள் ஏற்றி முடித்ததும் சிவப்பில் மாட்டுவதில் போகிறது. சிக்னலைத் தாண்டி நிறுத்தத்தை வைத்தால் பாதித் தொல்லை தீரும். இறங்குகிறவர்களும் பஸ்ஸுக்குப் பின்னால் சாலையைக் கடப்பார்கள், முன்னால் ஓடி அடிபட மாட்டார்கள்.

இதெல்லாம் தெரியாதவர்களா அலுவலகத்தில் இருக்கிறார்கள்? தெரியும். பஸ்ஸில் போகிறவர்கள் வேறு வழியில்லாதவர்கள், எவ்வளவு தள்ளி நிறுத்தினாலும் ஓடிவந்து ஏறிக்கொள்வார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியும். காத்திருக்கிற எங்கள் நேரத்துக்கு மதிப்பில்லை, எங்கள் முழங்காலுக்கும் மதிப்பில்லை. விழுந்தால் "ஏன் ஓடினாய்" என்பார்கள். ஓடாமல் நின்றால் பஸ் போய்விடும்.

அந்த ஓட்டுநரைத் திரும்ப வேலையில் சேருங்கள். அந்த இடத்தில் நின்ற மூன்று வண்டிகளின் எண்களும் காணொளியில் தெளிவாகத் தெரிகின்றன, அவர்கள் மீது என்ன நடவடிக்கை என்று சொல்லுங்கள். பிறகு நடைபாதையை நீட்டுங்கள்.

அம்மா அதற்குப் பிறகு பஸ் ஏறவில்லை. ஆனால் விட்டுவிடவும் இல்லை. போன வாரம் நான் வீட்டுக்கு வந்தபோது மாடிப்படியின் கீழே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதல் படியை விட்டுவிட்டு நேராக இரண்டாவது படியில் காலை வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "பஸ் படி இவ்வளவு உயரம் இருக்குமா?" என்று கேட்டார்.

இன்னும் கொஞ்சம் உயரம் அம்மா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.