கையாட்ட எதுக்கு மாஸ்டர்ஸ்?

சனிக்கிழமை ஆண்டு விழா மேடையில நடந்தது இங்க பாதிப் பேருக்குத் தெரியும். வீடியோவும் சுத்துதாம். நான் கண்டக்டிங்ல, அதாவது முன்னால நின்னு கையசைச்சு பேண்டை நடத்துறதுல, மாஸ்டர்ஸ் படிக்கிறேன். அதைப் பத்தி “கையை ஆட்டுறதுக்கும் அமெரிக்காவுல மாஸ்டர்ஸ் இருக்குங்க”ன்னு ஒருத்தர் மைக்ல சொல்ல, ஹாலே சிரிச்சுதே, அதேதான். நானும் சிரிச்சேன். முன் வரிசையில உட்கார்ந்துகிட்டு வேற என்ன பண்ண?

கண்டக்டிங் கையாட்டுறது இல்லைங்க. நியூ ஜெர்சியில மிடில் ஸ்கூல் பேண்டு டீச்சர் நான். பசங்க எல்லாரும் பி ஃபிளாட்ங்கிற ஒரே ஸ்வரத்துல சேரணும்னா, ஃப்ளூட்காரி தாள்ல அது பி ஃபிளாட். கிளாரினெட்டுக்கு ‘சி’. ஆல்டோ சாக்ஸுக்கு ‘ஜி’. ஹார்னுக்கு ‘எஃப்’. நாலு பேரும் நாலு ஸ்வரத்தைப் பார்த்து வாசிச்சாத்தான் ஒரே சுருதி வரும். இப்படிப் பத்துப் பன்னிரண்டு வரியை ஒரே பார்வையில படிச்சு, தப்பு எங்கன்னு அந்த நொடியே பிடிக்கணும்.

மூணாவது கிளாரினெட்ல ஒரு பையன். பதினாலு பார் (நம்ம ஆவர்த்தனம் மாதிரி தாளக் கட்டம்) சும்மா இருந்துட்டு உள்ள வரணும். எட்டுலயே எண்ணிக்கையை விட்டுடுவான். அவன் கண்ணு என்னைத் தேடும். அவனோட சேர்ந்து நானும் மூச்சை இழுத்தாத்தான் வாசிப்பான். கொஞ்சம் முந்தினாலும் ‘கீச்’. இது கையாட்டுறதா?

2025 மார்ச் 8, லண்டன்ல ராஜா சார் சிம்பொனி. ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவை நடத்தினவர் மிக்கேல் டாம்ஸ். அன்னிக்கு ஸ்டேட்டஸ் வைக்காதவங்க யாரு? அவர் கையாட்டுறார்னு ஒருத்தரும் சிரிக்கலையே. வெள்ளைக்காரர் ஆட்டினா கலை, நம்ம வீட்டுப் பொண்ணு ஆட்டினா காமெடி.

“யூடியூப்ல இல்லாததா?” இருக்கு. எங்க மாஸ்டர்ஸ் கிளாஸ்ல நாங்க கண்டக்ட் பண்ணின வீடியோவையே சத்தத்தை அணைச்சுட்டு ஓட்டுவாங்க. இதுல எங்க மெதுவா வாசிக்கச் சொல்றாங்கன்னு மத்தவங்க கையைப் பார்த்தே சொல்லணும். அதை யூடியூப் செய்யுமா?

“சம்பளம் கூடுமா?” கூடும். எங்க ஸ்கூல் ஸ்கேல்ல மாஸ்டர்ஸுக்குத் தனிப் படி உண்டு. அதுக்காகவே படிச்சாலும்தான் என்ன குத்தம்?

“ஸ்கூல் பசங்களுக்கு இவ்வளவு தேவையா?” இங்கிலாந்து இசையமைப்பாளர் குஸ்தாவ் ஹோல்ஸ்ட் லண்டன்ல ஒரு பெண்கள் பள்ளியில 1905லேருந்து 1934ல சாகுற வரைக்கும் மியூசிக் வாத்தியார். பேண்டு கண்டக்டிங் படிக்கிற யாரும் தொடாமத் தாண்ட முடியாத ‘ஃபர்ஸ்ட் சூட்’ங்கிற பேண்டு இசைத் தொகுப்பை 1909ல எழுதினவர், அந்த வேலையில இருந்துகிட்டேதான். ஸ்கூல் டீச்சர்னா அவ்வளவு இளக்காரமா?

“குழந்தைங்களை யார் பாத்துக்கிறா?” அவங்கப்பா. அடுத்த கேள்வி.

எங்கப்பா பாளையங்கோட்டையில கொயர் மாஸ்டர். பகல்ல ஆபீஸ், ராத்திரி சோல்ஃபா (டோ-ரே-மியை எழுத்துல குறிக்கிற முறை) தாளைக் கார்பன் வச்சுக் கையால எழுதுவார். யாரும் சிரிச்சதில்ல. பத்துப் பைசா குடுத்ததுமில்ல, அது வேற.

அந்த மேடையிலேயே இன்னொரு தம்பியைப் பாராட்டினாங்க. ஐடி வேலை பார்த்துகிட்டே எம்.பி.ஏ. படிக்கிறாராம். எல்லாரும் எழுந்து நின்னு கைதட்டல். எதுக்குன்னு யாரும் கேக்கல, சம்பளம் கூடுமான்னு கேக்கல, புள்ளைங்களை யார் பாக்குறான்னு சத்தியமா கேக்கல. என்னை மட்டும் சாப்பாட்டு வரிசையில ரெண்டு அக்கா “இந்த வயசுல இதெல்லாம் தேவையாம்மா”ன்னாங்க. அந்தத் தம்பி என்னைவிட ரெண்டு வயசு மூத்தவர்.