அச்சகக்காரரிடம் கேட்ட கேள்வி

"நீங்கள் காலையில் எத்தனை மணிக்கு எழும்புவீர்கள்?"

அந்த வீடியோவை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நான் இருக்கிற வட்ஸ்அப் குழுக்களில் எல்லாம் சுற்றுகிறது, சிரிக்கிற பொம்மைகளோடு. கொழும்பு வெள்ளவத்தையில் ஞாயிற்றுக்கிழமை நடந்த தொழில் கருத்தரங்கு. கேள்வி நேரத்தில் ஒருவர் எழும்பி, கொட்டாஞ்சேனையில் சின்ன அச்சகம் வைத்திருந்ததாகவும் 2022-இல் மூட வேண்டி வந்ததாகவும் சொல்லி, திரும்ப எப்படித் தொடங்கலாம் என்று கேட்கிறார். பேச்சாளர் அதற்குப் பதில் சொல்லவில்லை. மேலே இருக்கிற கேள்வியைத்தான் திருப்பிக் கேட்டார். அச்சகக்காரர் "ஆறரை" என்றார். மண்டபம் சிரித்தது. "பிரச்சினை நாட்டில் இல்லை, உங்கள் பழக்கத்தில் இருக்கிறது" என்றதும் கைதட்டல்.

எனக்கு இரண்டு நாளாக மனம் ஆறவில்லை.

2022-இல் ஓர் அச்சகத்துக்கு என்ன நடந்தது என்று கொழும்பில் இருக்கிற ஒருவருக்குச் சொல்லித்தரவா வேண்டும்? மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய்ப் பக்கம் இருந்தது. மே மாதம் 360-ஐத் தாண்டியது. கடதாசி, மை, தகடு எல்லாமே இறக்குமதி. கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் பாடசாலைத் தவணைப் பரீட்சைகளையே தள்ளிவைத்தார்கள். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கப் போனால் அங்கே தெரு முனை தாண்டி வரிசை. ஏப்ரலில் மத்திய வங்கி வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளி கூட்டியது. கடனில் மெஷின் எடுத்தவனின் தவணை என்ன ஆகியிருக்கும்? அந்த மனிதர் விடியப்புறம் நாலு மணிக்கு எழும்பியிருந்தால் இருட்டில் உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான்.

நான் புத்தகங்களுக்கு எதிரி இல்லை. முடிவெடுப்பது, நேரத்தைக் கையாள்வது, வியாபாரம், நாம் அன்றாடம் தொடுகிற பொருட்களின் சரித்திரம் என்று வருகிற புத்தகங்களை வருடக்கணக்காக வாசிக்கிறவன். இங்கேயே எத்தனை தடவை எழுதியிருக்கிறேன். அதனால்தான் கோபம். அந்தப் புத்தகங்கள் ஒன்று சொல்ல, மேடையில் வேறொன்று சொல்கிறார்கள்.

உளவியலாளர் டானியல் கானமனைப் பேச்சாளர் மேற்கோள் காட்டினார். நல்லது. 2002-இல் பொருளியல் நோபல் பரிசு பெற்றவர். அதே கானமன் தன் 2011 புத்தகத்தில் வெற்றிக்கு ஒரு சமன்பாடு தருகிறார்: வெற்றி என்பது திறமையும் அதிர்ஷ்டமும்; பெரிய வெற்றி என்பது இன்னும் கொஞ்சம் திறமையும் நிறைய அதிர்ஷ்டமும். நடந்து முடிந்த பிறகு, இது இப்படித்தான் நடக்கும் என்று முன்பே தெரிந்த மாதிரி நாம் கதை கட்டிக்கொள்வோம் என்று எச்சரிக்கிறார். அந்தப் பகுதி மட்டும் மேடைக்கு வரவே வராதா?

'குட் டு கிரேட்' வாசியுங்கள் என்றும் சொன்னார். 2001-இல் ஜிம் கொலின்ஸ் எழுதியது. நல்ல நிலையில் இருந்து உன்னத நிலைக்குப் போன 11 நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் ரகசியம் என்ன என்று ஆராய்கிறது. அதில் சேர்க்கிட் சிட்டி 2008-இல் வங்குரோத்து. ஃபனி மேயை அதே வருடம் அமெரிக்க அரசாங்கம் தன் கட்டுப்பாட்டில் எடுத்தது. அந்த நிறுவனங்களை நடத்தியவர்களிடம் போய் எத்தனை மணிக்கு எழும்புவீர்கள் என்று யாராவது கேட்டார்களா? கேட்க மாட்டார்கள். அந்தக் கேள்வி கொட்டாஞ்சேனைக்காரனுக்கு மட்டும்தான்.

இரண்டாம் உலகப் போர் விமானக் கதை பலருக்குத் தெரியும். திரும்பி வந்த விமானங்களில் எங்கெங்கே குண்டு பட்டிருக்கிறது என்று பார்த்து, அந்த இடங்களுக்குக் கவசம் போட யோசித்தார்கள். ஆபிரகாம் வால்ட் என்ற கணித அறிஞர், திரும்பி வராத விமானங்களை யோசியுங்கள் என்றார். என்ஜினில் அடிபட்டவை திரும்பி வரவில்லை, அதனால்தான் வந்தவற்றின் என்ஜினில் ஓட்டை இல்லை. யூதர் என்பதால் வியன்னாவை விட்டு ஓடியவர் வால்ட். 1950-இல் இந்தியாவுக்கு விரிவுரை செய்ய வந்த இடத்தில் நீலகிரி மலையில் நடந்த விமான விபத்தில் இறந்தார். மேடைப் பேச்சில் வருகிறவர்கள் எல்லோரும் திரும்பி வந்த விமானங்கள். ஞாயிற்றுக்கிழமை, திரும்பி வராத ஒருவர் தானாக எழும்பி நின்று பேசினார். கேட்டுப் படிக்க வேண்டிய ஆள் அவர்தான். அவரை உட்கார வைத்துவிட்டார்கள்.

இனி அப்பாவின் கதை. அப்பாவுக்குப் புறக்கோட்டையில் சின்னத் துணிக்கடை. 1983 ஜூலையில், தமிழருக்கு எதிரான கலவரத்தில் எரிந்தது. கணக்குக் கொப்பிகளில் ஒன்று மட்டும் ஓரம் கருகித் தப்பியது. இன்னும் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. யார் எவ்வளவு தர வேண்டும் என்று அப்பாவின் சாய்ந்த எழுத்தில், பக்கத்தின் வலது பக்கத் தொகைகள் மட்டும் இல்லாமல். பெயர் இருக்கிறது, காசு இல்லை. அகதி முகாமில் இருந்து வந்த பிறகு, மருதானையில் ஒரு சிங்கள முதலாளி கடனுக்குத் துணி கொடுத்தார், கையெழுத்துக்கூட வாங்காமல். அதில்தான் அப்பா எழும்பினார்.

பிறகு கல்யாண வீடுகளில் யாராவது அப்பாவின் உழைப்பைப் புகழ்ந்தால் அவர் முகம் மாறும். பக்கத்துக் கடைக்காரரைப் பற்றிச் சொல்லத் தொடங்குவார். அவரும் அதே நேரத்துக்குத்தான் கடை திறப்பாராம், கணக்கில் அப்பாவை விடக் கெட்டிக்காரராம். கப்பலில் வடக்கே காங்கேசன்துறைக்குப் போனவர், திரும்பி வரவே இல்லை. "எனக்கு அந்த முதலாளி கிடைச்சார், அவருக்குக் கிடைக்கேல்ல" என்பார் அப்பா. எந்த முகாமைத்துவப் புத்தகத்தையும் வாசிக்காத மனிதர். வால்ட் சொன்னதை அவர் சொன்னார்.

"அப்படியென்றால் முயற்சியே வேண்டாமா?" என்று கேட்பீர்கள், தெரியும். வேண்டும். அப்பா முயற்சி செய்யாமலா இருந்தார்? விடியற்காலையில் எழும்புவது நல்ல பழக்கம், எழும்புங்கள், யார் வேண்டாம் என்றது? முயற்சி வேண்டும் என்பது வேறு. விழுந்தவனைப் பார்த்து நீ முயற்சி செய்யவில்லை என்று தீர்ப்புச் சொல்வது வேறு.

"பேச்சாளர் எத்தனையோ இளைஞர்களுக்கு உதவியவர்." இருக்கட்டும்.

"உனக்குப் பொறாமை" என்று ஒருவர் ஏற்கெனவே உள்பெட்டியில் எழுதிவிட்டார். எதில் பொறாமைப்பட? ஒரு மனிதரை முந்நூறு பேருக்கு முன்னால் தலைகுனிய வைக்கிற திறமையிலா? அந்த அச்சகக்காரர் மைக்கைத் திருப்பிக் கொடுத்த விதத்தைப் பாருங்கள். இரண்டு கையாலும் கொடுத்தார், நன்றி என்றும் சொன்னார்.

பேச்சாளர் கடைசியில் லிப்டனைப் பற்றியும் சொன்னார், மளிகைக் கடைக்காரர் துணிச்சலால் உலகத் தேயிலை வியாபாரி ஆனார் என்று. துணிச்சல்காரர்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர் இங்கே வந்தது 1890-இல். 1869-இல் தெரிய வந்த இலைத்துரு நோய் அதற்குள் இலங்கையின் கோப்பியை அழித்துவிட்டது. கோப்பித் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த ஓரியண்டல் வங்கியே 1884-இல் விழுந்தது. நொடிந்துபோன தோட்டங்கள் மலிவாகக் கிடந்தன. கோப்பிக்காரர்களும் துணிச்சலோடுதான் காட்டை வெட்டினார்கள். ஒரு பூஞ்சணத்திடம் தோற்றார்கள். இரண்டு காலத்திலும் அந்த மலையில் ஒருவர் நேரத்தோடு எழும்பினார் என்றால் அது தமிழ்நாட்டில் இருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளி. பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, தப்பு மேளம் அடித்து எழுப்பினார்கள். அவர்கள் பரம்பரை இன்றும் லயம் என்ற தோட்ட வரிசை வீடுகளில் இருக்கிறது. சீக்கிரம் எழும்பினால் பணக்காரன் ஆகலாம் என்பதை மஸ்கெலியாவின் தேயிலைத் தோட்டங்களில் போய்ச் சொல்லுங்கள் பார்ப்போம்.

என்னை அதிகம் வருத்துவது பேச்சாளர் இல்லை. கைதட்டியவர்கள். அந்த மண்டபத்தில் இருந்த குடும்பங்களில் 1983-இல் ஏதோ ஒன்றை இழக்காதவை எத்தனை? 2022-இல் எரிவாயு சிலிண்டரோடு நடுத்தெருவில் நிற்காதவர் எத்தனை பேர்? நீங்கள் விழுந்தபோது உங்களிடம் யாராவது எழும்பும் நேரத்தைக் கேட்டார்களா?

ஏற்பாட்டாளர்களிடம் ஒரு வேண்டுகோள். அந்த வீடியோத் துண்டில் அச்சகக்காரரின் முகம் தெளிவாகத் தெரிகிறது. அவருக்குப் பிள்ளைகள் இருக்கலாம், அவர்களுடைய பாடசாலைக் குழுக்களிலும் இது போயிருக்கும். இன்றைக்கே எடுத்துவிடுங்கள். பகிர்ந்தவர்களும் அழித்துவிடுங்கள். அந்த அச்சகக்காரரைத் தெரிந்தவர் யாராவது இதை வாசித்தால், அவருடைய சம்மதத்தைக் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள். அவர் கேட்ட கேள்விக்கு, கடன், வாடகை, பழைய மெஷின் என்று கணக்குப் போட்டுப் பதில் சொல்லக்கூடிய அச்சுத் தொழில்காரர்கள் இரண்டொருவரை எனக்குத் தெரியும்.