குலுக்கிப் போட்டுப் பார்த்தால் என்ன?

கல்வியில் களப் பரிசோதனை என்று பேச்செடுத்தாலே உடனே வரும் கேள்வி ஒன்று உண்டு: "குழந்தைகள் என்ன சோதனைக்கூட எலிகளா?" பாதிப் பள்ளிகளுக்குத் திட்டத்தைக் கொடுத்துவிட்டு மீதியைச் சும்மா வைத்துப் பார்ப்பது அநியாயம் என்று நல்ல மனம் உள்ளவர்களே கோபப்படுகிறார்கள். கோபம் புரிகிறது. ஆனால் என் கட்சி வேறு. எந்த ஒப்பீடும் இல்லாமல் ஒரு திட்டத்தை ஒரே நாளில் எல்லாப் பள்ளிகளிலும் இறக்குகிறோமே, அதுவும் பரிசோதனைதான். அதில் முடிவை மட்டும் யாரும் எழுதி வைப்பதில்லை. திட்டம் பலித்ததா, வீண்போனதா என்று பத்து வருடம் கழித்துக் கேட்டாலும் ஆளுக்கொரு பதில்தான் வரும்.

முறை எளிமையானதுதான். யாருக்குத் திட்டம் கிடைக்க வேண்டும் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. ஆர்வமுள்ள தலைமையாசிரியர், செல்வாக்குள்ள பிரமுகர், பிள்ளையைத் தாங்கிப் பிடிக்கும் பெற்றோர் எல்லாம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகப் பிரிந்துவிடுவார்கள். அப்புறம் இரு பக்கத்துக்கும் வித்தியாசம் தெரிந்தால், அதற்குக் காரணம் திட்டம்தான் என்று தைரியமாகச் சொல்லலாம். 1920களில் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் வயல் பாத்திகளை வைத்து ரொனால்ட் ஃபிஷர் வகுத்த உத்தி இது. அங்கிருந்து மருத்துவத்துக்குப் போய், பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது. 2019இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ, மைக்கேல் கிரேமர் மூவருக்கும் பொருளாதார நோபல் கிடைத்தது இதை வறுமை ஆய்வில் வேரூன்ற வைத்ததற்காகத்தான்.

எனக்கு இந்த முறை மேல் மரியாதை வந்தது வெற்றிக் கதைகளால் அல்ல. தோற்ற கதைகள்தான் காரணம். கென்யாவின் மேற்கே, 1990களின் நடுவில், ஒரு தொண்டு நிறுவனம் கிராமப் பள்ளிகளுக்கு இலவசப் பாடநூல் கொடுக்க முன்வந்தது. புத்தகத்தைப் பல பிள்ளைகள் பகிர்ந்து படித்த பள்ளிகள் அவை. புத்தகம் கொடுத்தால் படிப்பு வளரும் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. கிரேமரும் அவருடைய சகாக்களும் 100 பள்ளிகளை எடுத்துக்கொண்டு, அதில் 25 பள்ளிகளுக்கு முதல் சுற்றில் நூல்கள் கிடைக்கும்படி செய்தார்கள். தேர்வு வைத்துப் பார்த்தால், சராசரி மதிப்பெண் நகரவே இல்லை.

அதோடு நிறுத்தியிருந்தால், "புத்தகம் வேண்டாம்" என்ற அசட்டு முடிவுக்குத்தான் போயிருப்போம். அவர்கள் சராசரிக்குள் நுழைந்து பார்த்தார்கள். ஏற்கெனவே நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் புத்தகத்தால் இன்னும் முன்னேறியிருந்தார்கள். மற்றவர்களுக்கு எதுவும் ஆகவில்லை. காரணம் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. அங்கே பல பிள்ளைகளுக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. பாடத்திட்டமே முன்வரிசைப் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. பின்வரிசைப் பிள்ளையின் கையில் புத்தகம் இருந்தது, ஆனால் அதற்குள் நுழைய வழியில்லை. கென்யாவுக்கு மட்டும் உரிய சங்கதியா இது? பாடத்திட்டம் ஒரு பக்கமும் பிள்ளையின் நிலை இன்னொரு பக்கமும் ஓடும் பள்ளிகள் எங்கெல்லாம் உண்டோ, அங்கெல்லாம் இந்த முடிவு சுடும். பணம் செலவழித்தோம், பொருள் போய்ச் சேர்ந்தது, ரசீதும் இருக்கிறது என்று திருப்திப்படும் எந்த நிர்வாகமும் இதை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

இதே இழையைப் பிடித்துக்கொண்டு போனால் வருவது வதோதராவிலும் மும்பையிலும் 2001 முதல் 2003 வரை நடந்த பால்சகி ஆய்வு. பிரதம் என்ற தொண்டு நிறுவனம், அந்தந்தப் பகுதியைச் சேர்ந்த பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பியது. இவர்களுக்குத்தான் பால்சகி என்று பெயர். மூன்றாம் நான்காம் வகுப்பில் எழுத்துக்கூட்டவே திணறும் பிள்ளைகளைத் தினம் இரண்டு மணி நேரம் தனியாக உட்கார வைத்து, அவர்கள் நிற்கும் இடத்திலிருந்து தொடங்கிச் சொல்லிக்கொடுத்தார்கள். மதிப்பெண் உயர்ந்தது, அதுவும் அடிமட்டத்தில் இருந்த பிள்ளைகளுக்குத்தான் அதிகம்.

எலிக்கூண்டு வாதம் பேசுபவர்கள் இந்த ஆய்வின் வடிவமைப்பைக் கவனிக்க வேண்டும். வதோதராவில் ஒரு பாதிப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்புக்குப் பால்சகி, மறு பாதியில் நான்காம் வகுப்புக்குப் பால்சகி. எல்லாப் பள்ளிக்கும் ஏதோ ஒன்று கிடைத்தது, ஒப்பீடும் கிடைத்தது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கொடுக்கப் பணமில்லை என்றால் யாராவது காத்திருக்கத்தான் வேண்டும். அந்த வரிசையை யார் முடிவு செய்வது? சிபாரிசு முடிவு செய்வதைவிடக் குலுக்கல் முடிவு செய்வது நியாயம் என்பது என் துணிபு.

இந்த ஆய்வில் இன்னொரு முடிவும் உண்டு, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. திணறும் பிள்ளைகள் வெளியே போனதால், வகுப்பில் மிஞ்சிய பிள்ளைகளுக்கு அந்த இரண்டு மணி நேரமும் கூட்டம் குறைந்தது. ஆனால் அவர்கள் படிப்பில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. கூட்டத்தைக் குறைத்தாலே போதும் என்பவர்களுக்கு இது ஒரு குட்டு. அதே சமயம் அமெரிக்காவின் டென்னசியில் 1985இல் தொடங்கிய 'ஸ்டார்' பரிசோதனையில், 79 பள்ளிகளில், 22 முதல் 25 பேர் இருந்த வகுப்பை 13 முதல் 17 ஆகக் குறைத்தபோது மதிப்பெண் உயர்ந்தது. இரண்டுமே முறையாக நடந்த ஆய்வுகள்தான். எண்ணிக்கை குறைந்தபின் ஆசிரியர் கற்பிக்கும் விதம் மாறியதா என்பதில்தான் விடை இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஐம்பது பேருக்கு ஒப்பித்த பாடத்தை முப்பது பேருக்கு ஒப்பித்தால் என்ன கிடைத்துவிடும்?

சரி, முடிவு "இல்லை" என்று வந்தால் என்ன நடக்கிறது? மத்தியப் பிரதேசத்தில் ஒரு பள்ளி மேம்பாட்டுத் திட்டம். பள்ளியை மதிப்பிட்டுத் தரம் போடுவார்கள், குறைகளைப் பட்டியலிடுவார்கள், ஒவ்வொரு பள்ளிக்கும் மேம்பாட்டுத் திட்டம் எழுதுவார்கள். காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல இடமில்லை. பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரனும் அபிஜித் சிங்கும் இதைக் குலுக்கல் முறையில் ஆராய்ந்தார்கள். மதிப்பீடு நடந்தது, திட்டங்கள் எழுதப்பட்டன. ஆசிரியர் வருகை மாறவில்லை, கற்பிக்கும் முறை மாறவில்லை, பிள்ளைகளின் கற்றலும் மாறவில்லை. அப்படியிருந்தும் அந்தத் திட்டம் நாடெங்கும் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட பள்ளிகளுக்கு விரிவானது. படிவங்கள் நிரம்பின அல்லவா, அதுவே வெற்றிக்குச் சான்றாகிவிட்டது. பரிசோதனைகள் மீது கோபப்படுபவர்கள் அந்தக் கோபத்தில் கொஞ்சம் இந்தப் பக்கமும் திருப்பிவிட்டால் புண்ணியமாகப் போகும்.

முறையைத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் நான் தயாரில்லை. கென்யாவில் ஒப்பந்த ஆசிரியர்களைக் கூடுதலாக அமர்த்தும் திட்டத்தைத் தொண்டு நிறுவனம் செயல்படுத்திய பள்ளிகளில் பலன் கிடைத்தது. அதே திட்டத்தை அரசு செயல்படுத்திய பள்ளிகளில் ஒரு பலனும் தெரியவில்லை. இரண்டும் ஒரே ஆய்வுக்குள், ஒரே நாட்டில், ஒரே காலத்தில் நடந்தவை. சிறு அளவில் நல்ல மேற்பார்வையோடு நடக்கும் ஒன்றைப் பார்த்து, "நிரூபிக்கப்பட்ட திட்டம்" என்று முத்திரை குத்துவது எவ்வளவு அவசரம் என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை. திட்டம் என்பதில் அதை நடத்தும் ஆட்களும் சேர்த்தி.

அரசுக்குள் எதுவும் பலிக்காது என்று இதற்கு அர்த்தமில்லை. தமிழ்நாட்டில் 320 அங்கன்வாடிகளை எடுத்து, பாதி மையங்களில் முன்பருவக் கல்விக்கென்றே அரை நாள் பணியாளர் ஒருவரைக் கூடுதலாக அமர்த்திப் பார்த்தார்கள். பாடம் நடக்கும் நேரம் இரட்டிப்பானது. கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் முன்னேறினார்கள். பழைய பணியாளருக்குக் கை ஓய்ந்ததால் அவர் ஊட்டச்சத்துப் பக்கம் கூடுதலாகக் கவனம் செலுத்தினார். வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் விகிதமும் குறைந்தது. ஒரே ஆளின் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிட்டு "பணியாளர்கள் சரியில்லை" என்று புலம்பும் பழக்கத்துக்கு இது நல்ல பதில். இங்கே புதிய தத்துவம் எதுவுமில்லை, ஆள் போட்டார்கள், வேலை நடந்தது.

படிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், பிழைப்புக்கு வருவோம். படித்த பிள்ளைக்கு என்ன வாய்ப்பு கிடைக்கிறது என்பதை அளக்க ஓராண்டுத் தேர்வு போதாது. அமெரிக்காவில் 1994 முதல் 1998 வரை ஐந்து நகரங்களில் 'மூவிங் டு ஆப்பர்ச்சூனிட்டி' என்ற பரிசோதனை நடந்தது. வறுமை அடர்ந்த பகுதிகளில் அரசுக் குடியிருப்புகளில் இருந்த சுமார் 4,600 குடும்பங்கள். குலுக்கலில் வந்தவர்களுக்கு, வறுமை குறைந்த பகுதிக்குக் குடிபெயர வாடகை உதவி. முதல் சுற்று முடிவுகளில் பெரியவர்களின் வருமானம் உயரவில்லை. பணம் வீண் என்று பலர் எழுதிவிட்டார்கள். பின்னால் பொருளாதார அறிஞர்கள் ராஜ் செட்டி, நதேனியல் ஹெண்ட்ரன், லாரன்ஸ் காட்ஸ் மூவரும் வரிக் கணக்குப் பதிவுகளை இணைத்துப் பார்த்தார்கள். 13 வயதுக்கு முன் இடம்பெயர்ந்த பிள்ளைகள் இருபதுகளின் நடுவில், குலுக்கலில் வராத குடும்பங்களின் பிள்ளைகளைவிட 31 சதவீதம் அதிகம் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். 13 வயதுக்குப் பின் போனவர்களுக்கு அந்த லாபம் இல்லை. டென்னசி பிள்ளைகளிடமும் இதே மாதிரி ஒன்று தெரிந்தது: நல்ல மழலையர் வகுப்பில் சேர்ந்ததன் பலன் மேல்வகுப்புத் தேர்வுகளில் மங்கிப்போய், பெரியவர்களான பின் வருமானத்தில் மறுபடி தலைகாட்டியது. பால்சகிப் பிள்ளைகளின் முன்னேற்றமும் திட்டம் முடிந்து ஓராண்டில் கணிசமாகக் கரைந்திருந்தது. அவர்கள் பெரியவர்களான பின் என்ன ஆனார்கள் என்பதல்லவா நமக்குத் தெரிய வேண்டியது.

பள்ளியைத் தொடாமலே படிப்பை மாற்றலாம் என்பதற்கும் பரிசோதனைச் சான்று இருக்கிறது. பொருளாதார அறிஞர் ராபர்ட் ஜென்சன் டெல்லியைச் சுற்றியுள்ள கிராமங்களில் சிலவற்றைக் குலுக்கலில் தேர்ந்து, பி.பி.ஓ. (அழைப்பு மையம் போன்ற அலுவலக) வேலைக்குப் பெண்களைச் சேர்க்கும் ஏற்பாட்டை மூன்று ஆண்டுகள் நடத்தினார். அந்தக் கிராமங்களில் இளம்பெண்கள் வேலைக்குப் போவது கூடியது, அந்த வயதில் கல்யாணம் குறைந்தது, சிறுமிகளைப் பள்ளியில் வைத்திருப்பதும் அதிகரித்தது. வேலை கண்ணுக்குத் தெரிந்தால் வீட்டின் கணக்கு மாறும். பெண்கல்வி விழிப்புணர்வுப் பேரணிகளில் எத்தனை இதைச் சாதித்திருக்கின்றன என்று கேட்கத் தோன்றுகிறது, கேட்காமல் விடுகிறேன்.

எதிர்ப்பாளர்களில் பொருளாதார அறிஞர் ஆங்கஸ் டீட்டனைத் தட்டிக்கழிக்க முடியாது. அவரும் நோபல் பெற்றவர்தான். ஓரிடத்தில் வந்த சராசரி முடிவு இன்னோரிடத்துக்குப் பொருந்தும் என்பதற்குக் குலுக்கல் உத்தரவாதம் தராது என்கிறார். முழுக்க உண்மை. இன்னொரு பொருளாதார அறிஞர் லான்ட் பிரிட்செட் இன்னும் காரம்: நாடுகள் வறுமையிலிருந்து மீண்டது பொருளாதார வளர்ச்சியால், பரிசோதித்துத் தேர்ந்த சின்னத் திட்டங்களால் அல்ல என்கிறார். அதிலும் பாதி உண்மை. வளர்ச்சி வரும்வரை மூன்றாம் வகுப்பில் எழுத்துக்கூட்டத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு என்ன பதில் என்பதை அவர் சொன்னால் மீதிப் பாதியையும் ஒப்புக்கொள்கிறேன்.

எனக்கு வேண்டியது இரண்டே. புதுத் திட்டத்தைப் படிப்படியாகத்தான் விரிக்கப்போகிறோம் என்றால், முதல் ஆண்டு யாருக்கு என்பதை ஊரறியக் குலுக்கிப் போடுங்கள். தனியாகச் செலவு பெரிதாக ஆகாது, ஒப்பீடு தானாகக் கிடைக்கும். இரண்டாவது, அந்தப் பிள்ளைகளை இருபத்தைந்து வயது வரை தொடர்ந்து கணக்கெடுக்கும் பணத்தைக் குலுக்கல் அன்றே ஒதுக்கிவிடுங்கள். பிறகு பார்க்கலாம் என்று விட்டால் நடக்காது. திட்டத்தின் நிதி சில ஆண்டுகளில் முடிந்துவிடும், அதைக் கொண்டுவந்த அதிகாரி அதற்கும் முன்பே மாற்றலாகிப் போயிருப்பார்.